நான்கு இலக்குகள்: ஜாம்ஷெட்ஜி டாடாவின் கதை

சென்ற இதழ் வந்தபின் மாலை நடைப்பயிற்சியில் இரண்டு மூன்று நண்பர்கள், ஓய்வு பெற்றபின் என்ன செய்யலாம் என்ற தங்கள் கனவுகளைச் சொன்னார்கள். கனவு எல்லோரிடமும் உண்டு. நான் வங்கியில் கடன் பிரிவில் எழுத்தராக இருந்த காலத்தில், விண்ணப்பத்தோடு வருகிறவரிடம் மேலாளர் முதலில் கேட்பது எந்த இடத்தில், எவ்வளவு முதலில், யார் பொறுப்பில் என்பதுதான். பலரும் அங்கேயே திணறிப் போவார்கள். இந்தக் கேள்விகளுக்கு வாழ்நாள் முழுக்கப் பதில் தேடி எழுதி வைத்த ஒருவரைப் பற்றி இந்த முறை எழுதுகிறேன்.

ஜாம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாடா 1839 மார்ச் 3 அன்று குஜராத்தில் நவ்சாரி என்ற ஊரில் பிறந்தார். பார்சி புரோகிதர் குடும்பம். அப்பா நசர்வான்ஜிதான் அந்த மரபை விட்டு பம்பாய்க்கு வந்து வியாபாரத்தில் இறங்கிய முதல் ஆள். மகனை எல்பின்ஸ்டன் கல்லூரியில் படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும் சீன வியாபாரத்தைக் கவனிக்க மகன் ஹாங்காங் போனார். அந்த நாளில் பம்பாய் வியாபாரிகள் பலரைப் போல இவர்கள் வீட்டிலும் பருத்தியோடு அபின் வியாபாரமும் இருந்தது. பெரிய மனிதர் வரலாறு என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரால் பம்பாய் பருத்திக்கு விலை ஏறிக் கிடந்த நேரத்தில், லண்டனில் ஓர் இந்திய வங்கி தொடங்கும் திட்டத்தோடு இவரை அனுப்பினார்கள். 1865-ல் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. கையில் கொண்டுபோன பத்திரங்கள் வெறும் காகிதமாயின. இருபத்தாறு வயது இளைஞர் ஓடி ஒளியவில்லை. கடன் கொடுத்த வங்கிகளிடம் நேரில் போய்க் கணக்கை அப்படியே வைத்தார். அவர்கள் நம்பி, சொந்த நிறுவனத்தின் கடனைத் தீர்த்து முடிக்கும் பொறுப்பை அவரிடமே சம்பளம் கொடுத்து ஒப்படைத்தார்கள். வங்கியில் வேலை பார்த்தவன் என்பதாலோ என்னவோ, அவர் கட்டிய எந்தக் கட்டடத்தையும் விட இந்த நிகழ்ச்சிதான் என் மனதில் பெரிதாக நிற்கிறது.

1868-ல் 21,000 ரூபாய் முதலோடு சொந்த வியாபாரம் தொடங்கினார். அடுத்த ஆண்டு சிஞ்ச்போக்லியில் நொடித்துப் போன எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கிப் பஞ்சாலையாக மாற்றி, இரண்டு வருடத்தில் லாபத்துக்கு விற்றார். பிறகு இங்கிலாந்து போய் லங்காஷயர் ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் பம்பாயில் மில் கட்டிக்கொண்டிருந்தபோது இவர் நாக்பூரைத் தேர்ந்தெடுத்தார். பருத்தி விளையும் இடம் பக்கம், நிலக்கரி பக்கம், ரயிலும் இருந்தது. 1877 ஜனவரி 1 அன்று எம்பிரஸ் மில் திறந்தது. மேலாளராக வைத்தது ரயில்வேயில் வேலை பார்த்த பெசோன்ஜி மேத்தாவை. பஞ்சாலை அனுபவம் துளியும் இல்லாதவர்! ஆளைப் பார்த்து எடுத்தார், அது பலித்தது. தொழிலாளர்களுக்கு ஓய்வூதிய நிதி, விபத்து இழப்பீடு எல்லாம் அந்த மில்லில் சட்டம் வருவதற்கு முன்பே வந்துவிட்டன.

இதோடு நின்றிருந்தால் அவர் பணக்கார மில் முதலாளி, அவ்வளவுதான். ஆனால் நாற்பது வயதுக்குமேல் அவர் மனதில் நான்கு இலக்குகள் உறுதியாயின: ஓர் இரும்பு எஃகு ஆலை, உயர்ந்த தரத்தில் ஓர் அறிவியல் கல்வி நிலையம், நீர் மின்சாரம், பம்பாயில் ஒரு பெரிய ஓட்டல்.

நான்கில் அவர் கண்ணால் பார்த்தது ஓட்டலை மட்டுமே. தாஜ் மகால் ஓட்டல் 1903 டிசம்பர் 16 அன்று திறந்தது. கேட்வே ஆஃப் இந்தியா அங்கே எழும்புவதற்கு இருபது ஆண்டுகள் முன்பு. ஏதோ ஓட்டலில் இந்தியர் என்று உள்ளே விடாததால் கோபத்தில் கட்டினார் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. வெளிநாடு போன இடத்தில் எல்லாம் மின்விளக்குச் சாதனம், தூண், தளவாடம் என்று தானே பார்த்துப் பார்த்து வாங்கினார் என்பது மட்டும் நிச்சயம்.

எஃகுதான் நீண்ட கதை. 1882-ல் ஒரு ஜெர்மன் நிபுணர் மத்திய மாகாணத்தில் சாந்தா மாவட்டத்து இரும்புத் தாது பற்றி எழுதிய அறிக்கை அவர் கையில் கிடைத்தது. எம்பிரஸ் மில் இருந்த நாக்பூருக்கு அது அதிகத் தொலைவு இல்லை. தாது நன்றாக இருந்தது, ஆனால் அருகே கிடைத்த நிலக்கரி எஃகுக்கு ஒத்துவரவில்லை. சுரங்க உரிம விதிகளும் கடுமை. காகிதங்களை மூடி வைத்தார், தூக்கிப் போடவில்லை. பதினேழு வருடம் கழித்து, கர்சன் காலத்தில் விதிகள் தளரத் தொடங்கியதும் அதே கோப்பைத் திரும்ப எடுத்தார். அப்போது அவருக்கு வயது அறுபது. 1902-ல் அமெரிக்கா போய் எஃகு ஆலைகளைப் பார்த்து, சார்லஸ் பேஜ் பெரின் என்ற பொறியாளரைத் தன் திட்டத்துக்கு இணங்க வைத்தார். பெரினின் கூட்டாளி வெல்ட் இந்தியா வந்து, மகன் தோராப்ஜியோடு காடுமேடெல்லாம் தாது தேடி அலைந்தார். சாந்தா சரிப்படவில்லை. கைவிட்டுவிடலாம் என்று சொல்ல நாக்பூர் செயலகத்துக்குப் போன தோராப்ஜி, காத்திருந்த நேரத்தில் அருகிலிருந்த அருங்காட்சியகத்தில் ஒரு நிலவியல் வரைபடத்தைப் பார்த்தார். அதில் துர்க் மாவட்டத்தில் இரும்பு குறிக்கப்பட்டிருந்தது. தேடல் அங்கே நகர்ந்தது. 1904 பிப்ரவரியில், நிலவியலாளர் பி. என். போஸ் மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் நல்ல தாது இருப்பதாகக் கடிதம் எழுதினார்.

கல்வி நிலையத்துக்கும் இதே முறைதான். நல்ல எண்ணத்தை மேடையில் சொல்லிவிட்டு அவர் நகரவில்லை. 1898-ல் 30 லட்சம் ரூபாய் மதிப்புள்ள தன் சொத்துகளைத் தருவதாக அறிவித்தார். அதற்கு முன்பே பர்ஜோர்ஜி பாத்ஷா என்பவரை வெளிநாடுகளுக்கு அனுப்பி, பல்கலைக்கழகங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்துவரச் செய்திருந்தார். அந்த ஆண்டு கடைசி நாளில் குழுவினர் புதிதாக வந்திறங்கிய கர்சனைச் சந்தித்தார்கள். மாணவர்கள் வருவார்களா, படித்தபின் வேலை இருக்குமா என்று கர்சனுக்குச் சந்தேகம். அரசுக் கோப்பு வருடக்கணக்கில் இழுத்தது.

எல்லாம் வென்றது என்று நினைத்துவிடாதீர்கள். 1890-களில் ஜப்பான் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து சீன வழித்தடத்தில் கப்பல் விட்டார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. எதிரே பி அண்ட் ஓ கம்பெனி கட்டணத்தை நஷ்டத்துக்கும் கீழே இறக்கியது. ஆதரவு தருவதாகச் சொன்ன வியாபாரிகள் மலிவுக் கட்டணத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கப்பல் முயற்சி முடிந்தது. நம் வ.உ.சி.க்குத் தூத்துக்குடியில் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து நடந்ததும் ஏறக்குறைய இதேதான். இலக்கு தெளிவாக இருந்தால் போதும் என்று பேசுகிறவர்கள் இந்த அத்தியாயத்தைப் படிப்பதில்லை.

1904 மே 19 அன்று ஜெர்மனியில் பாட் நவ்ஹைம் என்ற ஊரில் சிகிச்சைக்குப் போன இடத்தில் ஜாம்ஷெட்ஜி காலமானார். வயது 65. எஃகு ஆலைக்கு ஒரு செங்கல்கூட வைத்திருக்கவில்லை. கல்வி நிலையத்துக்கு அரசு அனுமதி முழுமையாக வரவில்லை. மின்சாரம் காகிதத்தில் இருந்தது. ஆனால் அந்தக் காகிதங்கள் முழுமையாக இருந்தன. தாது அறிக்கை, பொறியாளர், ஒதுக்கிய சொத்து, வேலை தெரிந்த மகன்கள், பாத்ஷா. யாரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கவில்லை.

1907-ல் எஃகு நிறுவனம் தொடங்கியது. லண்டனில் முதல் கிடைக்கவில்லை. சுதேசி உணர்ச்சி பொங்கிய பம்பாயில் பங்குகளை வெளியிட்டார்கள். மூன்றே வாரத்தில் ஏறக்குறைய 8,000 பேர் வாங்கித் தீர்த்துவிட்டார்கள். சுவர்ணரேகா, கர்காய் ஆறுகள் கூடும் இடத்தில் சாக்சி என்ற கிராமத்தில் ஆலை எழுந்தது. 1912 பிப்ரவரியில் முதல் எஃகு வார்ப்பு வந்தது. மைசூர் சமஸ்தானம் கொடுத்த 371 ஏக்கரில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 1909-ல் நிறுவப்பட்டு, 1911-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. லோணாவாலாவில் தேக்கிய மழைநீரைக் கோபோலிக்கு இறக்கி, 1915-ல் பம்பாய் மில்களுக்கு மின்சாரம் வந்தது.

நாம் அடுக்ககத்தில் இருப்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1902-ல் அமெரிக்கப் பயணத்தின்போது தோராப்ஜிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். ஆலை எந்த ஊரில் வரும் என்றே அப்போது தெரியாது. அந்தக் கடிதத்தில் தொழிலாளர் ஊருக்குத் தெருக்கள் அகலமாக இருக்க வேண்டும், சீக்கிரம் வளரும் நிழல் மரங்களை நட வேண்டும், புல்வெளிக்கும் தோட்டத்துக்கும் கால்பந்து, ஹாக்கி மைதானத்துக்கும் இடம் விட வேண்டும், கோயில், மசூதி, தேவாலயம் மூன்றுக்கும் நிலம் ஒதுக்க வேண்டும் என்றெல்லாம் குறிப்பிட்டிருந்தார். மரம் எந்த வகை என்பது வரை யோசித்திருக்கிறார் பாருங்கள். அந்தச் சாக்சிதான் 1919 முதல் ஜாம்ஷெட்பூர்.