இரண்டாவது பெயர்

ராமன் விளைவு யாருடையது என்றால் தூக்கத்திலும் பதில் சொல்லுவோம். ஆனால் 1928 மார்ச் 31-ல் 'நேச்சர்' இதழில் வந்த முதல் அறிவிப்பில் இரண்டு பெயர்கள். இரண்டாவது பெயர் கே.எஸ். கிருஷ்ணன்.

வத்திராயிருப்புக்காரர். 1898 டிசம்பர் 4-ல் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்து, அங்கேயே கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனார். ஆமாம், நம்ம லேபில் நிற்கிறாரே, அதே வேலைதான்! மதிய இடைவேளையில் பையன்கள் எந்த சப்ஜெக்டில் சந்தேகம் கேட்டாலும் விளக்குவாராம். 1920-ல் கல்கத்தா போனார். 1923-ல் ராமனிடம் சேர்ந்தார்.

1928 பிப்ரவரியில் நடந்ததுதான் விஷயம். வெயிலை நீல ஃபில்டர் வழியே திரவத்துக்குள் விட்டார்கள். அந்த நீலத்தை முழுக்கத் தடுக்கும் இன்னொரு ஃபில்டரைக் கண்ணுக்கு முன்னால் வைத்தார்கள். ஒன்றும் தெரியக்கூடாது. ஆனாலும் மங்கலாக ஒரு ஒளிக்கோடு! அதே கூடத்தில் 1923-லேயே கே.ஆர். ராமநாதன் இதைக் கண்டபோது, அழுக்கால் வரும் ஃப்ளோரசன்ஸ் என்றுதான் நினைத்தார்கள். டினோபால் போட்ட வெள்ளை பனியன் வெயிலில் நீலம் அடிக்குமே, அதுதான் ஃப்ளோரசன்ஸ். கிருஷ்ணன் சும்மா விடவில்லை. திரவத்தைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தும் கோடு போகவில்லை. அந்த ஒளி போலரைஸ் ஆகியும் இருந்தது. சாதாரண ஃப்ளோரசன்ஸ் அப்படி இருக்காது. நாள் முழுக்க இருட்டறையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரவம் திரவமாகப் பார்த்தவர் அவர்தான். பிப்ரவரி 28-ல் ஸ்பெக்ட்ராஸ்கோப்பில் புதிய நிறம் தனியாகவே தெரிந்தது. மூலக்கூறே ஒளியின் நிறத்தை மாற்றியிருக்கிறது!

1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும். அதில் தவறில்லை என்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ, பாடப்புத்தகத்திலாவது இன்னொரு வரி சேர்த்திருக்கலாம்.

அந்த இரண்டு ஒளிகளுமே இன்று புரதத்தை வேவு பார்க்கின்றன. நம் செல்லுக்குள் கால்மோடுலின் என்றொரு புரதம். நான்கு கால்சியம் அயனிகளைப் பிடித்ததும் உருவம் மாறி, மற்ற புரதங்களுக்குத் தகவல் சொல்லும். கால்சியத்துக்கு நிறமும் கிடையாது, ஒளிர்வும் கிடையாது. அதனால் அதே இடத்தில் டெர்பியத்தை உட்காரவைத்தால் பச்சையாக மின்னும். இது ஃப்ளோரசன்ஸ் வழி. புரதத்தைத் தண்ணீரில் வைத்தபடியே அதன் மடிப்பைப் படிக்க ராமன் ஒளி. தண்ணீர் அதற்கு அதிகம் இடைஞ்சல் செய்யாது.

கிருஷ்ணன் 1928 கடைசியில் டாக்காவுக்குப் போய்ப் படிகங்களின் காந்தத்தில் இறங்கினார். 1940-ல் எஃப்.ஆர்.எஸ்., 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். 1961 ஜூனில் காலமானார். கால்மோடுலின் என்ற பெயரே அப்போது பிறந்திருக்கவில்லை.