கில்கிட் தண்ணீரும் குன்னூர் எலிகளும்
சர் ராபர்ட் மெக்காரிசன் வாழ்க்கை

குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே உள்ள பாஸ்டர் நிறுவனத்தைப் பார்க்காதவர் நம் சங்கத்தில் இருக்க முடியாது. எமரால்டு, இத்தலார், மஞ்சூர் பக்கமிருந்து பஸ் ஏறி கல்லூரிக்கு வந்த நம்மவர்களுக்கும் அந்தக் கட்டடம் தெரியும். நாய்க்கடிக்கு மருந்து செய்யற இடம் என்றுதான் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் இந்தியாவின் சத்துணவு ஆராய்ச்சியே அங்கே ஓர் அறையில்தான் பிறந்தது என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது. அதைத் தொடங்கியவர் ராபர்ட் மெக்காரிசன். இன்றைய மாணவர்கள் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மெக்காரிசன் 1878-ம் ஆண்டு வட அயர்லாந்தில் போர்ட்டடவுன் என்ற ஊரில் பிறந்தார். பெல்ஃபாஸ்ட்டில் டாக்டர் படிப்பு முடித்து, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, 1901-ல் இந்தியா வந்தார். முதலில் சித்ரால். அங்கே படைவீரர்களுக்கு வரும் மூன்று நாள் காய்ச்சல் மணல் ஈயால் பரவுகிறது என்று சந்தேகித்து எழுதினார். 1904-ல் கில்கிட்டுக்கு மாற்றினார்கள். இமயத்தின் மறுகோடியில் உள்ள மலைநாடு அது.

கில்கிட்டில் போகிற இடமெல்லாம் கழுத்துக் கழலை. ஒரே வாய்க்காலை ஒட்டி வரிசையாகக் கிராமங்கள். மேல் கிராமத்தில் கழலை குறைவு. கீழே போகப் போக அதிகம். மேலே உள்ளவர்களின் அழுக்கெல்லாம் சேர்ந்த தண்ணீரைத்தானே கீழே உள்ளவர்கள் குடிக்கிறார்கள்? அப்படியானால் நோய் தண்ணீரில்தான் இருக்கிறது என்று நினைத்தார் மெக்காரிசன். நினைத்தால் போதுமா, நிரூபிக்க வேண்டாமா?

அவர் செய்ததைக் கேட்டால் இன்றைக்கு நமக்குத் தூக்கிவாரிப் போடும். அந்தத் தண்ணீரில் தேங்கிய வண்டலை எடுத்து, இசைந்து வந்த இளவயது ஆண்களுக்குத் தினமும் குடிக்கக் கொடுத்தார். தானும் குடித்தார். இன்னொரு கூட்டத்துக்கு அதே வண்டலைக் கொதிக்க வைத்துக் கொடுத்தார். கொதிக்க வைக்காததைக் குடித்தவர்களில் சிலருக்குக் கழுத்து வீங்கியது. அவருக்கும் வீங்கியது. கொதித்ததைக் குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒன்று, மற்றவருக்குக் கொடுத்ததை அவரும் குடித்தார். அந்த நேர்மையை யாரும் மறுக்க முடியாது. இரண்டாவது, அவருடைய முடிவு முழுக்கச் சரியில்லை. கழலைக்கு முதல் காரணம் அயோடின் குறைவுதான் என்பது பிற்காலத்தில் தெளிவானது. அந்த கில்கிட் வாலிபர்களிடம் என்ன சொல்லிக் கேட்டார்கள், மறுத்தால் விட்டிருப்பார்களா என்பதையெல்லாம் இன்றைக்கு நாம் கேட்கிறோம். அன்றைக்கு அதைக் கேட்க ஒரு சட்டமும் இல்லை. ஒரு பக்கம் வெள்ளைக்கார டாக்டர், மறுபக்கம் மலைவாசி இளைஞன். அந்த இசைவின் எடை எவ்வளவு என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

1918-ல் அவர் குன்னூர் வந்தார். பெரிபெரி நோயைப் பற்றி ஆராய பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். தீட்டிய அரிசியில் சத்து எப்படிப் போகிறது, புழுங்கல் அரிசியில் எப்படித் தங்குகிறது என்றெல்லாம் பார்த்தார். 1921-ல் சத்துக் குறைவு நோய்கள் பற்றிய அவர் புத்தகம் வெளிவந்தது. 1923-ல் அரசாங்கம் சிக்கனம் என்று சொல்லி இந்த வேலையையே நிறுத்திவிட்டது. இரண்டு வருடம் கழித்து 1925-ல்தான் திரும்பத் தொடங்க முடிந்தது. 1929-ல் அதுவே சத்துணவு ஆராய்ச்சிக்கூடம் என்று பெயர் பெற்றது. மெக்காரிசன் அதன் இயக்குநர்.

அவருக்கு உலகப் புகழ் தந்தவை எலிகள். எலிகளை ஏழு கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இந்தியாவின் ஒரு பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டைப் போட்டு வளர்த்தார். சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளிகள், கடைசியாக நம்ம மதராஸ்காரர்கள். கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் சராசரி 235 கிராம் வளர்ந்தன. தீட்டிய அரிசிச் சோற்றையே நம்பிய மதராஸ் எலிகள் 155 கிராம்தான். நமக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும்! ஆனால் அவர் கேலி செய்யவில்லை. இனம் காரணமில்லை, தட்டில் இருப்பதுதான் காரணம் என்று காட்டினார். அதனால்தான் 1928-ல் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் சாரணர் படைகளுக்கும் என்றே உணவைப் பற்றி ஒரு சின்னப் பாடப்புத்தகம் எழுதினார். ஆராய்ச்சியின் பலன் பிள்ளைகளிடம் போய்ச் சேரவேண்டும் என்பது அவர் கருத்து.

1933-ல் சர் பட்டம் கிடைத்தது. 1935-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார். 1960-ல் ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார். அவர் இடத்துக்கு வந்த அய்க்ராய்டு, மாணவர் விடுதிகளில் இருந்த பிள்ளைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பால் கொடுத்தால் வளர்ச்சி கூடுகிறதா என்று பார்த்து 1937-ல் வெளியிட்டார். ஆராய்ச்சிக்கூடம் 1950-களின் முடிவில் ஹைதராபாத் போய்விட்டது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

மெக்காரிசன் விட்ட குறையை முடித்ததும் குன்னூரில் வேலை பார்த்த ஒருவர்தான். வி. ராமலிங்கசாமி என்ற அந்த டாக்டர், இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் ஓர் ஆய்வு நடத்தினார். பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். ஆரம்பத்தில் நூற்றுக்கு சுமார் 38 பேருக்குக் கழலை. ஆறு வருடத்தில் அயோடின் உப்பு சாப்பிட்ட பகுதிகளில் அது பாதியாகவும் அதற்கும் கீழேயும் இறங்கிவிட்டது. சாதா உப்புப் பகுதியில் இறங்கவே இல்லை. பிறகு அவர்களுக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள். 1962-ல் நாடு முழுவதற்குமான கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. இன்று நம் வீட்டு உப்புப் பாக்கெட்டில் அயோடின் இருப்பதற்கு, பேர் தெரியாத அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கழுத்தை நீட்டியதும் ஒரு காரணம்.

பெரியவர்களுக்குச் செய்து பார்த்ததை அப்படியே அளவு குறைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் போதாது. பிள்ளையின் உடம்பு வேறு. அவர்களுக்கான மருந்தும் தடுப்பூசியும் சரிதானா என்பது, அவர்கள் பங்கெடுத்தால்தான் தெரியும். ஆகவே இளைஞர்கள் வரவேண்டும். ஆனால் கில்கிட் வாலிபர்கள் மாதிரி அல்ல, எல்லாம் தெரிந்து வரவேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ம் வருட நெறிமுறை இதைத் தெளிவாகச் சொல்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அது மட்டும் போதாது. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை பிள்ளையின் வாய்வழி இசைவும், அதற்குமேல் எழுத்தில் இசைவும் வாங்க வேண்டும். நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வைத்தியம் குறையக் கூடாது. இந்த விதியெல்லாம் சும்மா வரவில்லை. 2009-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் ஒரு தடுப்பூசி ஆய்வில், விடுதிப் பெண் பிள்ளைகள் பல பேருக்குப் பெற்றோருக்குப் பதில் வார்டன்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010-ல் ஆய்வையே நிறுத்த வேண்டியதாயிற்று. நம்பிக்கை போனால் ஆராய்ச்சியும் போய்விடும்.

நம் மலையிலும் வேலை இருக்கிறது. பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் சோகை உண்டு. அதை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023-ல் தொடங்கியது. கேம்ப் போடும்போது சின்னஞ்சிறு பிள்ளைகளிடமும் ஒரு சொட்டு ரத்தம் கேட்பார்கள். நம் மாணவர்கள் அங்கே போய் நிற்கலாம். பாட்டிக்கும் தம்பிக்கும் அவர்கள் பேச்சிலேயே விளக்கிச் சொல்லலாம். எதற்காக எடுக்கறீங்க, முடிவை எங்களுக்குச் சொல்வீங்களா, வேண்டாம்னா விடுவீங்களா என்ற மூன்று கேள்வியையும் அவர்களுக்காகக் கேட்கலாம். சரியான பதில் வந்தால், தைரியமாக முதல் கையை நீங்களே நீட்டுங்கள். தான் கொடுத்ததைத் தானும் குடித்த மெக்காரிசனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதுதான்.