குழந்தைக் கவிஞர் கவிமணி

நாஞ்சில் நாட்டில், சுசீந்திரத்தை அடுத்து உள்ளது தேரூர். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர் முன்னாளில் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. அங்கே 1876ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27ஆம் நாள் தோன்றியவர் தேசிகவிநாயகம் பிள்ளை. ஒன்பதாம் வயதிலேயே அவர் தந்தையை இழந்தார். பள்ளியிலோ மலையாளம் கற்பித்தனர். ஆகவே, சாந்தலிங்கத் தம்பிரான் என்னும் துறவியை அடைந்து தமிழ் பயின்றார்.

கல்வி முடிந்தபின் ஆசிரியரானார். சிறுவர் பள்ளி முதல் மகளிர் கல்லூரி வரை முப்பத்தாறு ஆண்டுகள் கற்பித்து, 1931இல் ஓய்வு பெற்றார். பின்னர், மனைவி உமையம்மையின் ஊராகிய புத்தேரியில் வாழ்ந்தார். அவ்விருவருக்கும் மக்கட்பேறு வாய்க்கவில்லை. ஆயினும், குழந்தைகளின் உள்ளத்தை அவர்போல் அறிந்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே.

அந்நாளில் எழுத்தறியத் தொடங்கும் சிறுவர் ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் மனப்பாடம் செய்தனர். அவை உயர்ந்த நூல்களே. எனினும், அவற்றின் பொருள் விளங்கப் பல ஆண்டுகள் ஆகும். கவிமணியோ குழந்தையின் அருகில் அமர்ந்து, அது காண்பதையே தாமும் கண்டு பாடினார். தோட்டத்தில் மேயும் வெள்ளைப் பசுவையும் அதன் கன்றையும் பற்றிய பாட்டில் அறிவுரை ஒன்றும் இல்லை. பசு ‘அம்மா’ என்று அழைக்கிறது. கன்று ஓடிவந்து பால் குடிக்கிறது. பசு அதனை நாவால் நக்குகிறது. அவ்வளவே! தாயின் மடியில் தான் பெற்ற அன்பையே குழந்தை அப்பாட்டில் மீண்டும் காண்கிறது. கேட்ட அளவில் அது வாய்க்கு வந்துவிடுகிறது. கல்வெட்டுகளை ஆராய்ந்து காந்தளூர்ச் சாலையைப் பற்றி எழுதிய அப்பேரறிஞர், இலக்கண நடையை ஒதுக்கிக் குழந்தை பேசும் வினைச்சொற்களையே இப்பாட்டில் அமைத்தார். அது எளிய செயலன்று.

குழந்தைகள்பால் அவர் கொண்ட பரிவு பாட்டோடு நிற்கவில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே அக்காலத்தில் மருமக்கள் வழி என்னும் முறை நிலவியது. தந்தையின் சொத்து அவர் பெற்ற மக்களுக்கன்றி, உடன்பிறந்தாளின் மக்களுக்கே சென்றது. தந்தை இறந்தால் மனைவியும் மக்களும் வறுமையில் வாடினர். இக்கொடுமையை ஒரு பெண்ணின் வாய்மொழியாக வைத்து, நகைச்சுவை ததும்ப ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்னும் நூலைப் பாடினார். படிப்பவர் சிரிப்பர், சிரித்தபின் நாணுவர். 1926இல் இயற்றப்பட்ட நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் மக்களுக்கும் தந்தையின் சொத்தில் உரிமை வழங்கியது.

‘மலரும் மாலையும்’ என்னும் அவருடைய கவிதைத் தொகுதி 1938இல் வெளிவந்தது. 1940இல் சென்னையில் அவருக்குக் ‘கவிமணி’ என்னும் பட்டம் சூட்டப்பட்டது. 1954ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 26ஆம் நாள் அவர் மறைந்தார். எழுத்தறியாத மழலையரும் இன்று அப்பசுவின் பாட்டைப் பாடுகின்றனர். பாடியவர் பெயர் அவர்களுக்குத் தெரியாது.