மரம் விற்றவர் ஊரை மறக்கவில்லை



வீட்டுக்கு நிலை, கதவு போடத் தேக்கும் வேம்பும் தேடி மரக்கடைக்குப் போயிருப்பீர்கள். அப்படிப்பட்ட மரத்தொழிலில் பெரும் திரவியம் சேர்த்த ஒருவருடைய சரித்திரத்தை இவ்வாரம் கேளுங்கள்.

அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரையில் மஸ்கீகன் என்று ஓர் ஊர். சார்லஸ் ஹேக்லி 1856-ம் வருஷம் தம் தகப்பனார் இருந்த அவ்வூருக்கு வந்து, மர அறுவை மில்லில் சாதாரணக் கூலியாளாகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 19. சில வருஷங்களில் தகப்பனாரும் மகனும் சொந்தமாகத் தொழில் நடத்தலானார்கள். குளிர்காலத்தில் வெட்டிய பைன் மரங்களை வசந்தத்தில் ஆற்றில் மிதக்கவிட்டு, மில்லில் அறுத்து, பலகைகளைக் கப்பலேற்றுவார்கள். 1871-ல் சிக்காகோ பட்டணம் தீக்கிரையானபின் பலகைக்குக் கிராக்கி ஏறியது, ஆஸ்தியும் பெருகியது. தம்மிடம் கணக்கெழுத வந்த தாமஸ் ஹியூம் என்பவரை 1881-ல் ஹேக்லி கூட்டாளியாகவே சேர்த்துக்கொண்டார்.

ஆனால் வெட்டினார்களே தவிர, வெட்டிய இடத்தில் நட்டவர்கள் இல்லை. அந்தக் குற்றத்தில் ஹேக்லிக்கும் பங்குண்டு. அதை மறைப்பது நியாயமல்ல. 1890-ஐ ஒட்டிய வருஷங்களில் காடு தீர்ந்தது. மில்கள் ஒவ்வொன்றாக மூடின. முதலாளிகள் பலர் பணத்தை மூட்டை கட்டிக்கொண்டு வேறு காடு தேடிப் போனார்கள். வேலையாட்களோ கதியற்று நின்றார்கள்.

ஹேக்லி போகவில்லை. 1888-லேயே வாசகசாலைக்கென்று ஒரு லட்சம் டாலர் கொடுத்திருந்தார்; அது 1890-ல் திறக்கப்பட்டு, இன்றும் நடைபெறுகிறது. ஊரில் புதுத் தொழிற்சாலைகள் வரப் பாடுபட்டார். பிள்ளைகள் கைத்தொழில் கற்க 1897-ல் ஒரு பள்ளிக்கூடம், நோயாளிகளுக்காக 1904-ல் ஓர் ஆஸ்பத்திரி கட்டிக்கொடுத்தார். 1905 பிப்ரவரி 10-ந் தேதி அவ்வூரிலேயே காலமானார்.

பிரியமானவர்களே, நமது போச்சம்பள்ளியிலும் மாந்தோப்பை விற்று ஓசூருக்கும் பெங்களூருக்கும் குடிபோகும் குடும்பங்கள் உண்டு. போவது பாவமல்ல. ஆனால் நமக்குச் சோறிட்ட மண்ணுக்கு நாம் திருப்பிக் கொடுத்தது என்ன? லட்சம் இல்லாவிட்டாலும், ஓர் ஏழைப் பிள்ளையின் பள்ளிச் சம்பளம் கட்டலாம். வெட்டிய மரத்துக்கு ஈடாக ஒரு கன்று நடலாம். தச்சுத் தொழில் செய்து திருக்குடும்பத்தைக் காத்த அர்ச். சூசையப்பர் அந்த நல்ல மனதை நமக்குப் பெற்றுத் தருவாராக.