கல்லைக் கற்ற ஆசிரியர்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே பாறையைக் குடைந்து ஒரு கோயில் எடுக்கப்பட்டுள்ளது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவுமின்றி அயன், அரி, அரன் மூவருக்கும் அதனை அமைத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் வடமொழிக் கல்வெட்டில் குறித்துள்ளான். தளவானூர், பனைமலை, திண்டிவனத்தை அடுத்த கீழ்மாவிலங்கை எனப் பல்லவர் உளிபட்ட இடங்கள் இப்பகுதியில் பல. ஆயினும், எக்கோயில் எக்காலத்தது என வரையறுப்பது நூறாண்டுகளுக்கு முன்னர் அரிய செயலாகவே இருந்தது. அப்பணியை மேற்கொண்டவருள் ஒருவர், புதுச்சேரிக் கல்லூரியில் அறிவியல் கற்பிக்க வந்த பிரெஞ்சுக்காரர்!

கப்ரியேல் ழுவோ துப்ரேய் 1885இல் சைகோனில் பிறந்தார். 1909இல் புதுச்சேரிக்கு வந்தார். வகுப்பறைக்கு வெளியே அவர் கண்ட கோயில்கள் அவரை ஈர்த்துக்கொண்டன. கல்வெட்டு இல்லாத கோயிலின் காலத்தை எவ்வாறு அறிவது என்பதே அவர்முன் நின்ற வினா. அவர் தூண்களை அண்ணாந்து நோக்கினார். பல்லவர் காலப் போதிகை அலைபோன்ற மடிப்புகளுடன் வளைந்திருந்தது. சோழர் காலத்தில் கோணம் பெற்றது. விசயநகரக் காலத்தில் தாமரை மொட்டாகத் தொங்கியது. செடியின் வளர்ச்சியைக் குறித்துவைப்பவர்போல இம்மாற்றங்களை அவர் வரிசைப்படுத்தினார். உறுப்புகளின் பெயர்களை ஏட்டில் மட்டும் தேடாமல், உளி பிடித்த சிற்பிகளிடமே கேட்டறிந்தார். அவர்களும் அவருக்கு ஆசிரியர்களே. பல்லவர், சோழர், பாண்டியர், விசயநகரம், மதுரை என அவர் வகுத்த ஐந்து காலப் பகுப்பு 1914இல் நூலாயிற்று. பல்லவர் வரலாறு குறித்த நூல் 1917இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

பனைமலைத் தாளகிரீசுவரர் கோயிலில், குடையின்கீழ் ஒருகால் மடித்து நிற்கும் தேவியின் ஓவியத்தை உலகறியச் செய்தவரும் அவரே. 1931இல் காஞ்சி கயிலாசநாதர் கோயிலில் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த ஓவியங்களைக் கண்டறிந்தார். பழமையைப் போற்றுவதாக எண்ணிச் சுவர்களுக்கு வெள்ளையடித்தோர் எத்தனை முகங்களை மறைத்தனரோ!

1937இல் அரிக்கமேட்டுச் சிறுவர்கள் மண்ணில் பொறுக்கிய மணிகளை அவர் விலைகொடுத்து வாங்கினார். அவற்றுள் மனித முகம் செதுக்கிய கல்லொன்றும் இருந்தது. அது உரோமப் பேரரசர் அகஸ்டசின் முகம் எனக் கருதிய அவர், அவ்விடம் உரோமரோடு வாணிகம் செய்த ஊராதல் வேண்டும் என்றுணர்ந்தார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது உரோமானிய மட்கலங்கள் வெளிப்பட்டன. அவ்வாண்டிலேயே துப்ரேய் மறைந்தார்.