காவடிச் சிந்து தந்த கவிராயர்

தைப்பூச நாளில் கேரளத்துக் கோயில்கள் பலவற்றில் காவடியாட்டம் நிகழ்கிறது. திருச்சூர் நகரின் கூர்க்கஞ்சேரிக் கோயிலில் அன்று திரளும் கூட்டம் பெரிது. ஆளுயரத்துக்கும் மேலான பூக்காவடிகளைத் தோளில் ஏந்தி, நாகசுரமும் தவிலும் முழங்க, ஆடுவோர் சுழன்று வருவர். கலூரிலோ மட்டாஞ்சேரியிலோ வளரும் தமிழ் மாணவர் இக்காட்சியைக் கண்டிருக்கக்கூடும். சகியாத்திரி மலைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டின் தென்பகுதியில், இதே காவடியோடு ஒரு பாட்டும் சேர்ந்து நடந்தது. நாட்டுப்புற மக்களின் வழிநடைப் பாட்டாக இருந்த அதனை இலக்கியமாக உயர்த்தியவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார்.

இன்றைய தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோயிலை அடுத்துள்ள சிற்றூர் சென்னிகுளம். அண்ணாமலையார் அவ்வூரில் உழவுத் தொழில் செய்யும் குடும்பமொன்றில் 1860களில் பிறந்தார். மழையை நம்பிப் பயிர் செய்யும் நிலம் அது. களையெடுப்போர் பாட்டு, ஏற்றம் இறைப்போர் பாட்டு, கும்மி, ஒப்பாரி எனப் பாட்டுக்கு மட்டும் அங்கே பஞ்சம் இருந்ததில்லை. ஏட்டுக் கல்வி தொடங்கும் முன்னரே இவ்வோசைகள் அவர் செவியை நிறைத்திருந்தன என்று கொள்வதில் பிழையில்லை.

சேற்றூர் ஜமீனில் புலவராக விளங்கிய இராமசாமிக் கவிராயரிடம் அவர் தமிழ் பயின்றார். பின்னர்ச் சோழநாட்டுத் திருவாவடுதுறை ஆதீனத்துக்குச் சென்றார். அக்காலத்தில் தமிழ்க் கல்விக்கு அதுவே பெரிய நிலையம். சுப்பிரமணிய தேசிகர் அங்குத் தலைவராக இருந்தார். பிற்காலத்தில் பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து மீட்டுப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் அப்போது அம்மடத்தில் பாடம் சொல்லி வந்தார். அண்ணாமலையார் அவரிடமும் சிறிது காலம் பாடம் கேட்டார். இவ்வாறு கற்ற யாப்பும் அணியும் அவரைப் புலவராக்கின. ஆயினும், அவர் புகழுக்குக் காரணமான நூல் மடத்தில் பயின்ற வடிவங்களுள் ஒன்றில் அமைந்ததன்று.

ஊர் திரும்பியபின் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. மருதப்பத் தேவர் சிற்றாற்றங்கரையில் உள்ள வீரகேரளம்புதூரில் வாழ்ந்தவர்; புலவர்களைப் போற்றுவதில் தென்பாண்டி நாட்டில் பெயர் பெற்றவர். அண்ணாமலையார் அவருடைய அவைக்களப் புலவரானார். ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றபோது, உடன் நடந்த அண்ணாமலையார் வழியில் பாடுவதற்கென இயற்றியவையே காவடிச் சிந்துப் பாடல்கள் என்பது வழிவழி வந்த செய்தி.

காவடி எடுப்போர் பாடுவது அதற்கு முன்பும் இருந்த வழக்கம். தோளில் வளைந்த மூங்கில், அதில் மயிற்பீலி, இருபுறமும் பாற்செம்பு. வெயிலில் பல கல் தொலைவு இதனைச் சுமந்து நடப்பவருக்குப் பாட்டு இன்றியமையாத துணை. முன்னே ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் திருப்பிப் பாடுவர். அவர்கள் பாடுகையில் முன்னவர் மூச்சு வாங்கிக்கொள்வார். அடி மிக நீண்டால் மூச்சு முட்டும். குறுகினால் ஆட்டம் தடைப்படும். எனவே அப்பாட்டின் அளவை வகுத்தவை நடப்பவரின் காலும் மூச்சுமே எனலாம். யார் இயற்றியது என்று யாரும் கேட்டதில்லை. ஒருவர் பாடியதை மற்றொருவர் மாற்றிப் பாடினார்; மறந்த இடத்தில் புதுச்சொல் புகுந்தது. நாட்டுப்புற இசை எங்கும் இவ்வாறே வளர்கிறது.

அண்ணாமலையார் இந்த நடையைக் குலைக்கவில்லை. அதன்மேல் தாம் கற்ற தமிழை ஏற்றினார். அடிகள் அளவொத்து நிற்கும் சிந்து யாப்பையும், மும்மை நடை பெரிதும் பயிலும் தாளத்தையும் அப்படியே வைத்துக்கொண்டார். மோனையும் எதுகையும் அடிக்கு அடி நெருங்கி வர, அடியிறுதிகளில் இயைபுத் தொடை மணிபோல் ஒலித்தது. அருணகிரிநாதரின் திருப்புகழில் உள்ள சந்த நயம் இங்கு எளிய மக்களின் கால்நடையோடு கைகோத்தது. பாடுபொருளிலும் அவர் துணிவு காட்டினார். முருகனின் புகழ், கழுகுமலையின் வளம், கோயிலின் சிறப்பு ஆகியவற்றோடு அகப்பொருளையும் சேர்த்தார். முருகனிடம் மனம் இழந்த தலைவி, அவளுக்காகப் பேசும் தோழி என்று பழைய அகத்துறை மாந்தர் காவடிக் கூட்டத்தின் பாட்டில் இடம்பெற்றனர். நோன்பிருந்து நடக்கும் அடியார் காதற்பாட்டைப் பாடலாமா என்ற ஐயம் எழலாம். தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் வழங்கிய நாட்டில் அது புதுமையன்று.

அவர் வேறு நூல்களும் இயற்றியுள்ளார். சங்கரநாராயணர் கோயில் திரிபந்தாதி அவற்றுள் ஒன்று. முதலெழுத்து மட்டும் வேறாக, அதன்பின் வரும் எழுத்துகள் அடிதோறும் ஒன்றாகவே நின்று வெவ்வேறு பொருள் தருவது திரிபு. ஒரு செய்யுளின் இறுதி அடுத்த செய்யுளின் தொடக்கமாவது அந்தாதி. இரண்டையும் இணைத்துப் பாடுவது கடும் உழைப்பு. கரிவலம்வந்தநல்லூர் இறைவன்மீது கருவை மும்மணிக்கோவையும், ஊற்றுமலைத் தலைவரின் ஊரைப் பற்றிய வீரைத் தலபுராணமும் பாடினார். புலவர் அவையில் ஒருவரின் தகுதியை அளந்த நூல்கள் இத்தகையவையே. இன்று அவற்றைத் தேடிப் படிப்போர் மிகச் சிலர். ஏடறியாத மக்களும் பாடும்படி அவர் செய்த சிந்துதான் ஊர் ஊராகப் பரவியது. அவையில் பெயர் வாங்கித் தந்த நூல்கள் அடங்கிவிட, வழியில் பாடியவை நிலைத்தன. திரிபந்தாதி பாடக் கற்ற கையே சிந்துக்கு அத்தனை செறிவைத் தந்தது என்பதையும் உடன் நினைக்க வேண்டும்.

அவருடைய வாழ்நாள் குறுகியது. 1890களின் தொடக்கத்தில், முப்பது வயதளவில் அவர் மறைந்தார். அந்த வயதில் பல புலவர்கள் தங்கள் முதல் நூலையே அரங்கேற்றியிருக்க மாட்டார்கள்.

அவருக்குப் பின் காவடிச் சிந்து நடந்த வழிகள் பல. கழுகுமலைக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதியார், காவடிச் சிந்து, நொண்டிச் சிந்து முதலியவை ஒலித்த சூழலில் வளர்ந்தவர். நாட்டு விடுதலையைப் பாடும்போது அவர் சிந்து யாப்பைப் பெரிதும் கையாண்டார். இசை நாடக மேடை காவடிச் சிந்தின் மெட்டை ஏற்றது, திரைப்படமும் ஏற்றது. கருநாடக இசையரங்கில் கச்சேரியின் பிற்பகுதியில் பாடப்படும் சிறு உருப்படிகளுள் அதுவும் ஒன்றாயிற்று. அங்கு அதனைச் செஞ்சுருட்டி இராகத்தோடு இணைத்துப் பேசுவர். வெயிலில் நடந்து பாடிய பாட்டு, சம்மணமிட்டு அமர்ந்து பாடப்பட்டபோது தேர்ந்த பாடகரின் குரலில் புதுக் குழைவுகளைப் பெற்றது. ஆனால் அரங்கில் கேட்போர் திருப்பிப் பாடுவதில்லை. அந்தப் பங்கு அங்கே குறைந்துபோயிற்று. கடல் கடந்த தமிழரும் காவடியைக் கொண்டு சென்றனர். மலேசியாவின் பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது.

இத்தகைய மாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதிக் குடியானவர்கள் திண்ணையிலும் தேவாலயத்திலும் பாடி வந்த பாடல்கள் 1927ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரில் இசைத்தட்டுகளில் பதிவாயின. அவற்றைப் பாடிய கார்ட்டர் குடும்பத்தார், மலையூர்ப் பாடல்களைத் தேடித் திரட்டித் திருத்தியவர்கள். அதன்பின் நாட்டுப்புற இசை அங்குப் பெருந்தொழிலாக வளர்ந்தது. அங்கே இசைத்தட்டு செய்த பணியை, நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, இசைத்தட்டின் துணையின்றி இங்கு ஓர் இளம்புலவர் செய்திருந்தார்.

நாட்டுப் பாடலுக்கு ஆசிரியர் பெயர் தங்குவதில்லை. அண்ணாமலையார் தம் ஊரின் பெயரையும் தம் பெயரையும் பாட்டின் அடியிலேயே, எதுகைக்கும் சந்தத்துக்கும் பொருந்தும்படி அமைத்துவிட்டார். அப்பெயரை நீக்கினால் தாளம் முறியும். தைப்பூசத்திலும் பங்குனி உத்திரத்திலும் கழுகுமலை நோக்கிச் செல்வோர் அப்பாட்டை எடுக்கும்போது, சென்னிகுளம் எங்குள்ளது என்று அறியாதவரும் அவ்வூரின் பெயரைப் பாடியே அடுத்த அடிக்குச் செல்கின்றனர்.