இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களை வளர்த்த அன்னை

ஹிஜ்ரி 150 ஆம் ஆண்டு (கி.பி. 767) இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் பகுதாது நகரில் வபாத்தானார்கள். ஒரு பெருஞ்சுடர் அணைந்த அதே ஆண்டில் இன்னொரு சுடர் ஏற்றப்பட்டது. பாலஸ்தீன நாட்டின் காஸா நகரில், ஹிஜாஸிலிருந்து வந்து தங்கியிருந்த இத்ரீஸ் என்பாரின் எளிய இல்லத்தில் ஓர் ஆண்மகவு பிறந்தது. முஹம்மத் என்று பெயரிட்டார்கள். பிற்காலத்தில் உலகம் இமாம் ஷாபிஈ என்று போற்றியது இக்குழந்தையைத்தான். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் கடற்கரையோர ஊர்கள் பலவற்றிலும் வாழ்வோர் தொழுகையிலும் நோன்பிலும் கொடுக்கல் வாங்கலிலும் பின்பற்றி வருவது இவர்கள் வகுத்த மத்ஹபையேயாகும்.

குழந்தைக்கு நினைவு தெரியுமுன்பே தந்தை இறந்துவிட்டார். அவர் விட்டுச் சென்ற செல்வம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. கைக்குழந்தையும் தாமுமாக அந்த அன்னையார் அயலூரில் தனித்து நின்றார்கள். அவர்களுடைய பெயரில்கூட வரலாற்று நூல்கள் ஒத்துப்போவதில்லை. யமன் தேசத்து அஸ்து கோத்திரத்தைச் சேர்ந்தவர்கள் என்பதே வலுவான கூற்று. மகனுடைய ஒவ்வொரு நூலையும் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட உலகம், அந்த மகனை உருவாக்கியவரின் பெயரை உறுதியாகக் குறித்து வைக்கவில்லை!

பிள்ளைக்கு இரண்டு வயதளவில் அன்னையார் ஒரு முடிவுக்கு வந்தார்கள். காஸாவை விட்டு மக்காவுக்குப் போய்விட வேண்டும் என்பதே அது. பாலைவழியில் பல நாள் பயணம், துணைக்குக் கணவரில்லை, கையில் காசில்லை. அங்கேயே இருந்தால் பிள்ளையின் வமிசம் மறக்கப்பட்டுப் போகும், அவன் யாரோ ஒருவனாகிவிடுவான் என்று அஞ்சியே அவர்கள் இதைச் செய்தார்கள் என்று வரலாறு கூறுகிறது.

இதை வெறும் குலப்பெருமை என்று எண்ணிவிடக் கூடாது. இத்ரீஸ் அவர்கள் குறைஷி குலத்தில் முத்தலிபின் வழித்தோன்றல். முத்தலிப் என்பவர் அண்ணலார் (ஸல்) அவர்களின் முப்பாட்டனாரான ஹாஷிமின் சகோதரர். மக்கத்துக் குறைஷிகள் அண்ணலாரின் குடும்பத்தாரை ஊர்விலக்கம் செய்து கணவாயில் அடைத்துப் பட்டினி போட்டபோது, முத்தலிபின் மக்களும் உடனிருந்து அத்துன்பத்தைப் பகிர்ந்துகொண்டனர். ஆகவேதான் கைபர் வெற்றிக்குப் பின் குமுஸ் என்னும் ஐந்திலொரு பங்கிலிருந்து உறவினர்க்குரிய பாகத்தைப் பிரித்தளித்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் ஹாஷிமின் மக்களோடு முத்தலிபின் மக்களையும் சேர்த்துக்கொண்டார்கள். உதுமான் (ரலி) அவர்களும் ஜுபைர் இப்னு முத்இம் (ரலி) அவர்களும் தத்தம் கிளையாருக்கு ஏன் அப்பங்கு இல்லை என்று வினவியபோது, ஹாஷிமின் மக்களும் முத்தலிபின் மக்களும் ஒன்றே என்று விடை கூறினார்கள். இது புகாரி ஷரீபில் பதிவான செய்தி.

மகன் பிற்காலத்தில் நிறுவிய சட்டப்படி, இந்த இரு கிளையாரும் ஜகாத் வாங்கலாகாது. அதற்குப் பதிலாகவே அவர்களுக்குக் குமுஸில் பங்கு. அப்படியானால், காஸாவில் இருந்த அந்தப் பச்சிளம் யதீம் குழந்தைக்கு ஒரு வாசல் அடைபட்டிருந்தது. இன்னொரு வாசல் திறந்திருந்தது. அவ்வாசலில் நுழைய வேண்டுமானால் அவன் இன்னாரின் மகன் என்று சாட்சி சொல்ல உறவினர் வேண்டும். அந்த உறவினர் இருந்த இடம் மக்கா. அன்னையார் பிள்ளைக்குச் சோறு தேடியது போலவே அவனுக்குரிய உரிமையையும் தேடினார்கள் என்றுதான் இதைக் கொள்ள வேண்டும்.

மக்காவில் கைபு என்னும் பள்ளத்தாக்கில் குடியேறினார்கள். உறவினர் நடுவே வந்துவிட்டதால் வறுமை நீங்கிவிடவில்லை. பிள்ளையை ஓதுவதற்கு விட்டார்கள். உஸ்தாதுக்குக் கொடுக்க அன்னையிடம் எதுவும் இல்லை. உஸ்தாதும் இப்பிள்ளையை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. ஆனால் மற்றப் பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக் கொடுப்பதை இச்சிறுவன் ஓரத்தில் இருந்து கேட்டே மனனம் செய்துகொண்டான். அவர் எழுந்து போனால் மற்றப் பிள்ளைகளுக்கு இவனே பாடம் சொல்லிக் கொடுத்தான். இதைக் கண்ட உஸ்தாது, தாம் இல்லாத நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதே போதும், கூலி வேண்டாம் என்று விட்டுவிட்டார். இவ்வாறு ஏழு வயதில் திருக்குர்ஆன் முழுவதும் மனனமாயிற்று.

அடுத்துக் காகிதத்திற்கு வழி வேண்டும். அக்காலத்தில் காகிதம் விலை மிகுந்த பொருள். எலும்புகளிலும் தோல் துண்டுகளிலும் ஹதீதுகளை எழுதி, வீட்டிலிருந்த பழைய சாடியொன்றில் இட்டு வைத்தார்கள். அரசாங்க அலுவலகத்திற்குச் சென்று, ஒருபுறம் எழுதிக் கழித்த தாள்களைக் கேட்டு வாங்கி வந்து, அவற்றின் மறுபுறத்தில் எழுதினார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா நூல் பத்து வயதில் நெஞ்சில் ஏறியது. ஹுதைல் கோத்திரத்தாரிடையே தங்கித் தூய அரபு மொழியையும் கவிதையையும் பயின்றார்கள். அம்பெய்வதிலும் வல்லவரானார்கள். பதினைந்து வயதளவில் மக்காவின் முப்தியான முஸ்லிம் இப்னு காலித் அவர்கள் பத்வா வழங்க அனுமதியளித்தார்கள்.

அன்னையாரின் அறிவு எத்தகையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. மக்கத்துக் காழி ஒருவர் முன் அவர்களும் வேறொரு மாதும் சாட்சி சொல்லச் சென்றனர். காழி இருவரையும் தனித்தனியே விசாரிக்க முற்பட்டார். அன்னையார் அதற்கு இணங்கவில்லை. பெண்கள் இருவர் சாட்சியாக வைக்கப்பட்டிருப்பதே ஒருவர் மறந்தால் மற்றவர் நினைவூட்டுவதற்காக என்று அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆம் வசனத்தை ஆதாரமாகக் காட்டினார்கள். காழியும் தம் முறையைக் கைவிட்டார். பள்ளிக்கூலி கொடுக்க இயலாத ஒரு விதவை, நீதிமன்றத்தில் திருமறையை எடுத்து வழக்காடியிருக்கிறார்கள். இமாமவர்களின் தருக்கத் திறன் எங்கிருந்து வந்தது என்று தேடுவோர் இந்த நிகழ்ச்சியையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

(தந்தையின்றித் தாய் வளர்த்த மேதைகளின் வரிசை நீண்டது. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் அவர்களும் இமாம் புகாரி அவர்களும் அவ்வாறு வளர்ந்தவர்களே.)

பின்னர் மதீனா சென்று இமாம் மாலிக் அவர்களின் மாணவரானார்கள். ஹிஜ்ரி 179 இல் (கி.பி. 795) அப்பெருந்தகை மறைந்தபின் மக்கா திரும்பியபோது, ஏறத்தாழ முப்பது வயது, கல்விச் செல்வம் மலைபோல், கைச்செல்வம் ஒன்றுமில்லை. அவ்வேளையில் யமனின் ஆளுநர் மக்காவுக்கு வந்திருந்தார். குறைஷிகள் சிலர் அவரிடம் பரிந்துரைக்க, அவரும் உடன் அழைத்துச் செல்ல இசைந்தார். ஆனால் வழிச்செலவுக்குக் கொடுக்க அன்னையாரிடம் ஏதுமில்லை. வீடு அடகு வைக்கப்பட்டது. கிடைத்த தொகை 16 தீனார். வீடல்ல, அன்னையாரின் மேலாடையே அடகு வைக்கப்பட்டது என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. எதுவாயினும் அந்த இல்லத்தில் எஞ்சியிருந்த ஒரே பொருள் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

யமனில் நஜ்ரான் பகுதியில் பொறுப்பேற்று நேர்மையாக நடந்தார்கள். நேர்மைக்குப் பகைவர் தோன்றுவது இயல்புதானே. அலவிகளோடு சேர்ந்து கலீபாவுக்கு எதிராகச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, ஹிஜ்ரி 184 இல் (கி.பி. 800) ஹாரூன் ரஷீத் முன் கொண்டுபோய் நிறுத்தப்பட்டார்கள். சொல்வன்மையாலும், இமாம் அபூஹனீபா அவர்களின் மாணவரான இமாம் முஹம்மத் இப்னு ஹஸன் ஷைபானி (ரஹ்) அவர்களின் நற்சான்றாலும் உயிர் தப்பினார்கள். தப்பியதோடு நில்லாமல் அவரிடமே மாணவராக அமர்ந்து, அவருடைய நூல்களைப் பெறுவதற்கு 60 தீனார் செலவிட்டார்கள். மக்காவிலும் பகுதாதிலும் அவர்கள் நடத்திய பாடங்கள், ரிஸாலா என்னும் நூலின் ஆக்கம் ஆகியவை தனியே எழுதத்தக்கவை. நமது கவனம் வேறொன்றில் உள்ளது.

இமாமவர்களின் பெருநூலாகிய உம்மில் ஜகாத்துக்குரியோர் யாவர் என்று விளக்கும் பகுதியைப் படிப்போர், ஏழை வீட்டில் வளர்ந்த ஒருவரின் கண் அதில் விழித்திருப்பதை உணரக்கூடும். தவ்பா அத்தியாயத்தின் 60 ஆம் வசனம் எண்வகையினரைக் கூறுகிறது. முதல் இரு வகையினர் பக்கீர், மிஸ்கீன். சொத்தோ தொழிலோ இல்லாதவர் பக்கீர். அவர் வாய்விட்டுக் கேட்பவராயினும், கேட்காமல் மானத்தைக் காப்பவராயினும் சரியே. சொத்தோ தொழிலோ இருந்தும் அது தேவைக்குப் போதாதவர் மிஸ்கீன். இவ்விரண்டில் யார் அதிகம் வறியவர் என்பதில் ஹனபி மத்ஹபின் அறிஞர்கள் வேறு கருத்துக் கொள்வர். இமாம் ஷாபிஈ அவர்களின் சார்பில் காட்டப்படும் ஆதாரம் கஹ்பு அத்தியாயத்தின் 79 ஆம் வசனம். கடலில் உழைத்த அம்மனிதர்களுக்குச் சொந்தமாக ஒரு மரக்கலம் இருந்தது. ஆயினும் இறைவன் அவர்களை மிஸ்கீன்கள் என்றே குறிப்பிட்டான்.

மரக்கலம் வைத்திருப்பவனும் ஏழையாக இருக்கலாம்! இதன் பொருள் என்ன? கணவனை இழந்த ஒரு பெண் பாய் முடைகிறாள், துணி தைக்கிறாள், நாலு வீட்டில் வேலை செய்கிறாள். அவ்வருவாய் தனக்கும் பிள்ளைகளுக்கும் போதவில்லை. அவள் உழைக்கிறாள் என்பதற்காக அவளுடைய பங்கு போய்விடாது. குடியிருக்கும் வீடும் உடுத்தும் உடையும் இருப்பதால் ஏழைமை நீங்கிவிடாது என்று, ஹிஜ்ரி 676 இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் இதே வழியில் சட்டம் எழுதியுள்ளார்கள். தொழில் கையில் உள்ளவன் ஒரு திர்ஹத்தைக் கொண்டே செல்வனாக இருக்கக்கூடும். உடல் நலிந்து பிள்ளைகள் நிறைந்தவனுக்கு ஆயிரமும் போதாமற் போகக்கூடும் என்பது இமாம் ஷாபிஈ அவர்களின் கருத்து. ஆகவே இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று எல்லை கட்டாமல், வறுமையிலிருந்து வெளியேறும் அளவுக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்றார்கள். ரமலானில் வாசலில் வரிசையாக நிற்க வைத்து ஆளுக்குச் சில்லறை கொடுத்தனுப்பும் நம்மூர் வழக்கத்தை இந்தச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், தலை கவிழ வேண்டியிருக்கிறது.

கணவன் உயிரோடிருந்தும் கைவிடப்பட்டவர்களின் நிலையையும் அவர்கள் மறக்கவில்லை. மனைவியரை விட்டு நீங்கியிருந்த ஆண்களைக் குறித்துக் கலீபா உமர் (ரலி) அவர்கள் படைத்தலைவர்களுக்கு எழுதிய ஆணையை இமாமவர்கள் அறிவிக்கிறார்கள். ஒன்று செலவுக்கு அனுப்ப வேண்டும். அன்றேல் தலாக் கொடுத்துவிட வேண்டும். அப்படிக் கொடுத்தாலும் கொடுபடாத காலத்துச் செலவை அனுப்பியே தீர வேண்டும். இதையொட்டி, கொடுக்கத் தவறிய ஜீவனாம்சம் கணவன் மீது கடனாக நிற்கும் என்பது அவர்களின் சட்டம்.

தம் வாழ்விலும் கை மூடியிருக்கவில்லை. ஒருமுறை யமனிலிருந்து பத்தாயிரம் தீனாருடன் மக்காவுக்கு வந்து, ஊருக்கு வெளியே கூடாரம் அடித்து, வந்தவர்க்கெல்லாம் கொடுத்து முடித்த பின்பே எழுந்தார்கள். மாணவர் ரபீஉ மணமுடித்தபோது மஹர் எவ்வளவு என்று விசாரித்தார்கள். முப்பது தீனார், அதில் ஆறு மட்டும் கொடுத்திருக்கிறேன் என்றார் அவர். மீதி இருபத்து நான்கையும் இமாமவர்களே எடுத்துக் கொடுத்தார்கள்.

ஹிஜ்ரி 199 அளவில் எகிப்து வந்து சேர்ந்தபோது, செல்வந்தர் ஒருவர் தம் இல்லத்தில் தங்குமாறு வேண்டினார். இமாமவர்கள் இணங்கவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் தம் தாய்வழி உறவினரான நஜ்ஜார் குடும்பத்தாரிடம் இறங்கியதைப் போலத் தாமும் தாய்வழி உறவினரிடமே இறங்க விரும்பி, அங்கிருந்த அஸ்து கோத்திரத்தாரிடம் தங்கினார்கள். குமுஸின் உறவினர் பாகத்திலிருந்து அங்கு அவர்களுக்கு மானியம் கிடைத்ததாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு தாய் பாலைவனம் கடந்து காத்த பங்கு அது.

ஹிஜ்ரி 204 ரஜபு மாதத்தின் இறுதி இரவில் (கி.பி. 820), ஐம்பத்து நான்காம் வயதில் இமாமவர்கள் வபாத்தானார்கள். வழியில் அன்னை நபீஸா (ரஹ்) அவர்களின் இல்லத்தருகே ஜனாஸா கொண்டு செல்லப்பட்டு, அவர்களும் ஜனாஸா தொழுதார்கள். அய்யூபிய சுல்தான் காமில் ஹிஜ்ரி 608 இல் (கி.பி. 1211) எழுப்பிய குப்பா இன்றும் கெய்ரோவில் அடக்கத்தலத்தின் மேல் நிற்கிறது. அதன் உச்சியில் உலோகத்தாலான ஒரு சிறு மரக்கலம் பொருத்தப்பட்டிருக்கிறது.

மரண நோயில் தம்மை இன்னார்தாம் குளிப்பாட்ட வேண்டும் என்று இமாமவர்கள் வஸிய்யத் செய்திருந்ததாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதுகிறார்கள். செய்தி கேட்டு அந்த மனிதர் வந்தார். முதலில் இமாமவர்களின் கணக்கேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். எழுபதாயிரம் திர்ஹம் கடன் இருந்தது. அதைத் தம் பெயரில் எழுதிக்கொண்டு முழுவதையும் அடைத்துவிட்டு, இமாமவர்கள் தம்மிடம் கேட்ட குளிப்பாட்டல் இதுவே என்று கூறினார்.